பைலியின் காதுமிஷின்

சாவுச் செய்தி எழுதுகிறவனை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. சாவு வீட்டுக்குக் கூப்பிடும்போதோ ஒரு நிமிஷம் தாமதித்தாலும் குற்றம். இலஞ்சிமுக்குப் பைலி இந்த இரண்டையும் முப்பது வருஷத்துக்கு மேலாக முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டிருந்தார். கேரளத்துப் பாலாவிலிருந்து மலையேறும் சாலையில் யார் கண்ணை மூடினாலும் பத்திரிகைக்குச் செய்தியும் படமும் அவர் கையால்தான் போகும். விடிந்ததும் பால் விடாத கட்டன் காப்பியோடு ஜனங்கள் முதலில் விரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். மந்திரிசபை கவிழ்ந்தாலும் அது இரண்டாம்பட்சம்.

அந்த நாலு வரியில் எத்தனை வில்லங்கம் என்பது வெளியாளுக்குப் புரியாது. மனைவி பிறந்த தரவாடு எது, பிள்ளைகள் யார் யார், மருமக்கள் குவைத்திலா அயர்லாந்திலா, எல்லாம் வரிசை பிசகாமல் வரவேண்டும். ஒருமுறை மூன்றாவது மருமகன் பெயர் விட்டுப்போய், அந்தக் குடும்பமே ஏழாம் நாள் பிரார்த்தனைக்கு வராமல் முறுக்கிக்கொண்டது. அதிலிருந்து பைலி ஒரு வழக்கம் வைத்திருந்தார். வீட்டார் கொடுக்கும் விவரத்தை அவர்கள் முன்னாலேயே உரக்க ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் அனுப்புவார். பிற்பாடு யாரும் அவர்மேல் பாய முடியாது.

ஐம்பத்தைந்து வயதில் கண் போக ஆரம்பித்தது. முழுக்கப் போகவில்லை, நடுவில் மட்டும் போனது. எதிரே நிற்பவரின் தோளும் காதும் தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மங்கல். நடக்கலாம், பஸ் ஏறலாம், நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். எழுத்து மட்டும் கிட்டே வர மாட்டேன் என்றது. எறணாகுளத்துக் கண்ணாஸ்பத்திரியில் விழித்திரையின் மையம் தேய்ந்துவிட்டது, திரும்ப வராது என்று சொல்லி, பார்வை குறைந்தவர்களுக்கான பிரிவுக்கு அனுப்பினார்கள். முதலில் பூதக்கண்ணாடி கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் அதுவும் போதாமல் போனது. பிறகுதான் அந்தப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண், அவளுக்கும் பார்வை குறைவுதான், அவருடைய போனிலேயே ஒரு வித்தையை ஏற்றிக்கொடுத்தாள். காகிதத்துக்கு நேரே போனைப் பிடித்துப் படம் எடுத்தால் போதும், எழுத்தைக் கண்டுபிடித்து, காதில் செருகிக்கொள்ளும் ஒரு சின்ன யந்திரம் வழியே வாசித்துச் சொல்லும். டில்லியிலிருந்து வந்து புதிதாகக் கற்றுக்கொண்ட கன்னியாஸ்திரீயின் மலையாளம்தான். ஆனாலும் ஒரு எழுத்தை விழுங்காது. கையெழுத்து என்றால் தடுமாறும், அச்சு என்றால் சொக்கத் தங்கம்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது பைலி வழியெல்லாம் கடைப் பலகைகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டார்.

ஊரில் இதைச் சொல்லவில்லை. செத்தவர்களின் பெயரை எழுதுகிறவனுக்குக் கண் தெரியாது என்று தெரிந்தால் பிழைப்பு போயிற்று என்று பயம். விவரச் சீட்டைப் படம் எடுப்பது அவர் வேலையில் சகஜம், ஆகவே போன் சந்தேகத்துக்கு இடம் தரவில்லை. காதில் செருகியிருந்த சின்ன யந்திரத்தைப் பற்றி யாரோ கேட்டபோது, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். காது மந்தம், அதற்கான மிஷின் என்றார். அன்றிலிருந்து இலஞ்சிமுக்கு முழுக்க அவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தது. அவரும் வேஷத்துக்குப் பொருத்தமாகக் கத்தியே பதில் சொன்னார்.

மனைவி சோசம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளுக்கு இந்த நாடகம் பிடிக்கவில்லை.

"குருடன்னு சொல்றதவிட செவிடன்னு சொல்றதுல என்ன பெருமை கண்டீங்க?"

"செவிடன் எழுதுனதுல எவனும் தப்புத் தேட மாட்டான்டி."

கிழக்கேமுறி உலகன்னான் இறந்த அன்று வேஷம் கலைந்தது.

உலகன்னான் ரப்பர்த் தோட்டக்காரர், முன்கோபி. மனைவி ஏலிக்குட்டி, பிள்ளைகளுக்கு அம்மச்சி. பிள்ளைகள் ஐந்து. நாலாவது பெண் லைசம்மா, சுகுணன் என்ற பஸ் டிரைவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மங்களூர் போனவள். மாதா கோயிலில் நடக்காத கல்யாணம். அன்றோடு அந்த வீட்டில் அவள் பெயர் முடிந்தது. தவிர்க்க முடியாமல் சொல்லவேண்டி வந்தால், நோயின் பெயரைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

அயர்லாந்தில் நர்ஸாக இருந்த கடைசி மகன் பிஜோ, விவரத்தை அங்கிருந்தே அச்சடித்த எழுத்தில் அனுப்பிவிட்டான். மூத்தவன் தொம்மிச்சன் அதைக் கடையில் காகிதமாக எடுத்து வந்தான். ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். தொம்மிச்சன் லைசம்மாவின் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, ஒன்றும் சொல்லாமல் பைலியிடம் நீட்டினான். அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாயைத் திறந்து சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை, அது நியாயம்தான். கண் உள்ளவனுக்குக் குறி போதும் என்று நினைத்தான்.

பைலி படம் எடுத்தார். காதில் வந்ததை வழக்கம்போல் உரக்கத் திருப்பிச் சொன்னார். சவப்பெட்டியைச் சுற்றி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் குரலுக்கு மேலே அவர் குரல் ஏறியது. தொம்மிச்சன், மேரி, ஜோஸ் என்று பெயர்கள் வந்தன. பிறகு, "லைசம்மா, மங்களூர். மருமகன் சுகுணன்" என்றார்.

ஜெபமாலை பாதி மணியில் நின்றது.

தொம்மிச்சன் பாய்ந்து வந்து அவர் காதருகே கத்தினான். "சேட்டா, அதுக்குப் பக்கத்துல பென்சில்ல அடையாளம் போட்டிருக்கேன்ல? பாக்கலியா?"

பைலிக்கு நடந்தது புரிந்துவிட்டது. கவனிக்கவில்லை, மன்னிச்சிரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வரி போய்விடும், அவர் பிழைப்பு தப்பிக்கும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் பெட்டியின் தலைமாட்டிலிருந்து ஏலிக்குட்டியின் குரல் வந்தது. நிஜமாகவே காது மந்தமான கிழவி அவள்.

"பைலி, அத இன்னொரு தடவ வாசி."

அவள் முகம் பைலிக்குத் தெரியவில்லை. குரல் தெரிந்தது. முப்பது வருஷமாகச் சாவு வீடுகளில் அழுகை கேட்டவர் அவர். இது அழுகை இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

காதிலிருந்து யந்திரத்தைக் கழற்றினார்.

"கத்தாத தொம்மிச்சா. எனக்குக் காது நல்லா கேக்கும். கண்ணுதான் தெரியாது. இது வாசிக்குது, நான் திருப்பிச் சொல்றேன். அச்சுல உள்ளது மட்டுந்தான் இதுக்குத் தெரியும். உன் பென்சில் தெரியல."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் கத்திய கத்தலெல்லாம் வீண் என்ற எரிச்சல் சிலருக்கு. தொம்மிச்சன், அப்படியானால் வாயால் சொல்கிறேன், அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றான்.

"அஞ்சையும் பெத்தது நான்," என்றாள் ஏலிக்குட்டி. "உன் பென்சில் இல்ல. அச்சுல உள்ளபடியே போகட்டும்."

அச்சில் உள்ளபடியே போனது. அவள் பெயரும் வருகிறது என்று பிஜோ ராத்திரியே போனில் சொல்லிவிட, மறுநாள் மத்தியானம் லைசம்மா புருஷனோடு வந்து அப்பனின் கால்மாட்டில் நின்றாள். தொம்மிச்சன் அவளிடம் பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

பைலி வீட்டுக்கு வந்து, எல்லாம் முடிந்தது என்று சோசம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவர் பயந்தபடியே ரெண்டு மூன்று பேர் பத்திரிகை ஆபீசுக்குப் புகார் சொன்னார்கள். ஆபீசில் விசாரித்தார்கள். கண் போன பிறகு அவர் அனுப்பியதில் ஒரு பெயர்கூடப் பிழையில்லை என்று தெரிந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஆனால் யாரையாவது விட்டுவிட நினைத்த வீட்டார் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட வீடுகள் ஊரில் எத்தனை என்பது பைலிக்கு அப்போதுதான் தெரிந்தது. வருத்தப்பட்டாரா என்றால், கொஞ்சம் பட்டார்.

நாற்பத்தோராம் நாள் பிரார்த்தனைக்கு ஏலிக்குட்டி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். சாப்பாடு முடிந்ததும், பத்திரிகையிலிருந்து வெட்டி பைபிளுக்குள் வைத்திருந்த அந்தத் துண்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். காதுக்குள் வேண்டாம், எல்லோருக்கும் கேட்கும்படி போனை வாசிக்கச் சொல் என்றாள். தொம்மிச்சன் அந்தப் பக்கம் தூணருகே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான்.

பைலி படம் எடுத்தார். போன் வாசித்தது. உலகன்னானுக்கு ஒரு குரல், லைசம்மாவுக்கு ஒரு குரல் என்று அதற்குக் கிடையாது. ஐந்து பெயரையும் ஒரே குரலில், எங்கும் தாழ்த்தாமல் சொல்லி முடித்தது. அந்த வீட்டில் அந்தப் பெயரை அப்படிச் சொல்லக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஏலிக்குட்டி, இன்னொரு தடவை என்பதுபோல் அவர் கையைத் தொட்டாள்.

பைலி மறுபடி போனைத் தூக்கினார். தொம்மிச்சன் வெற்றிலையை அப்படியே கீழே வைத்தான்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க சேட்டா," என்றான். "அம்மச்சிக்குக் காது கேக்காது."