ஏழு கோடு தள்ளி ஒருவர்

என்னை வம்புக்காரி என்று சொல்லுங்கள், தலையாட்டிக்கொள்வேன். பொய்க்காரி என்று மட்டும் சொல்லாதீர்கள். இது நடந்தது. எனக்கே நடந்தது.

யாருக்கு யார் என்ன முறை என்று கிண்டிக் கிளறினால் தெருவில் திட்டுவார்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்குச் சம்பளமே தருகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் தெரியாமல் கிடப்பவர்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று கம்ப்யூட்டரில் தேடிக் கொடுக்கும் வேலை. ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. ஒருவரை ஒருவர் தெரிந்தால் நடுவே ஒரு கோடு. புள்ளிகள் பல கோடி. கேள்வி ஒன்றைக் கொடுத்தால், அது கோடு கோடாக நடந்து போய்ப் பதிலைக் கொண்டு வர வேண்டும். எங்களுடையது நடக்கவில்லை, தவழ்ந்தது. ஆள் பிழைத்து எழுந்து தானாகவே வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். பதில் வராது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான். மருந்துக் கடைக்காரர் மாதிரிச் சில புள்ளிகளுக்கு மட்டும் லட்சக்கணக்கில் கோடுகள். கேள்வி அங்கே காலை வைத்தால் போச்சு. சந்தையில் தொலைந்த பிள்ளை மாதிரி அலைந்துகொண்டே இருக்கும். அதனால், கூட்டமான புள்ளியை மிதிக்கக் கூடாது, இரண்டு முனையிலிருந்தும் தேடிக்கொண்டு வர வேண்டும் என்று மாற்றி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, சோதித்துப் பார்க்க உட்கார்ந்தேன். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை.

ஒரு முனைக்குப் பழைய கேஸ் ஒன்றை எடுத்தேன். பெயர் தெரியாத ஆள். அவர் சட்டைப்பையில் இருந்த போன் மட்டும்தான் துப்பு. மறுமுனைக்கு? வேறு யார், நானேதான். ஊரை அளக்கிறவள் தன் வாசலிலிருந்துதானே அளப்பாள்.

5.40. ஓட்டினேன். முன்பு முக்கால் மணி நேரம் தின்ற கேள்விக்கு ஒன்பதே நிமிடத்தில் பதில். அந்த ஆள் எனக்கு ஏழு கோடு தள்ளி இருந்தார். வழியில் யார் யாரோ. என் பக்கம் வரவர, ஒரு லிஃப்ட் மெக்கானிக், எங்கள் மாடி வீட்டு அம்மா, என் தங்கை. அப்புறம் நான்.

மேலாளருக்குப் போன் போட்டேன்.

"அப்ப நாளைக்குக் காட்டிடலாமா?"

"இன்னொரு தடவை ஓட்டிட்டுச் சொல்றேன் சார்."

"உங்க வாய் வேகத்துல பாதி வந்தாலே போதும்மா."

மறுபடி ஓட்டினேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. நான்கு நிமிடம்.

ஐந்து கோடு.

இது நடக்கவே கூடாது. நான் சோதித்தது, அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் வெள்ளிக்கிழமை எடுத்துப் பூட்டி வைத்த நகலில். அதில் புதுக்கோடு ஏற முடியாது. ஈ கூட நுழைய முடியாது.

மறுபடி. ஒரு நிமிடம்.

மூன்று கோடு. அந்த ஆள். மாடி வீட்டு அம்மா. தங்கை. நான்.

லிஃப்ட் மெக்கானிக்கைக் காணோம்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. வேகம் கூடியிருக்கிறதே என்ற பெருமைதான் வந்தது. பிறகுதான் உறைத்தது... கேள்வி வேகமாகவில்லை. தூரம் குறைகிறது.

டிர்ர்ர்...

என் போன். தங்கை. கைக்குழந்தையோடு வீட்டில் தனியாக இருந்தாள்.

"அக்கா, மாடி வீட்டம்மா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. உன்னைத் தெரியுமாம்."

"யாருன்னு கேட்டியா?"

"கேட்டா சிரிக்கிறார். பாவம், ஒரு கால்ல பெரிய கட்டு. ரொம்ப தூரம் நடந்து வந்தாராம். குழந்தையைப் பாக்கணுங்கறார்."

"உள்ள விடாதடி."

"நீ சொல்றியா இதை? ரோட்டுல போறவங்களையெல்லாம் உக்கார வச்சுக் கதை கேக்கறவ நீ..."

திரை மினுங்கியது. நான் எதையும் தொடவில்லை.

இரண்டு கோடு.

ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அடியே, கதவைச் சாத்து..."

போனில் குழந்தையின் சிரிப்பு மட்டும் கேட்டது.

அப்புறம் அதுவும் இல்லை.

ஓடினேன்.

வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. தங்கை நாற்காலியில் இருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கியது. ஏறியது.

"இப்பத்தான்க்கா போனார். 'சொந்தம்னு சொல்லிக்கட்டுமா'ன்னு கேட்டார். என்ன போச்சுன்னு சரின்னுட்டேன்."

மாடிக்குப் போனேன். கதவில் பூட்டு. அந்த அம்மாவைப் போனில் பிடித்தேன். மூன்று நாளாக மகள் வீட்டில் இருக்கிறாராம்.

"நானா? யாரைக் கூட்டிட்டு வந்தேன்?" என்றார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார். அந்தப் பெயர் தெரியாத ஆளுக்குச் சொந்தம் கிடைத்துவிட்டதாக அவர்கள் கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது. என் தங்கையின் பெயர். பூட்டி வைத்த நகலிலிருந்து அங்கே எதுவும் போக வழியே கிடையாது.

"அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"இறந்து அஞ்சு மாசம் ஆச்சும்மா. வாங்கிக்க ஆள் இல்லாம ஐஸ் பெட்டியிலதான் இருக்கார்."

"ஒரு கால்ல... கட்டா?"



"ஆமா. அஞ்சு மாசமாப் பெட்டியைத் திறக்கலை. இன்னைக்குத்தான் திறந்தோம். மூடின கைக்குள்ள ஒரு குழந்தை சாக்ஸ் இருக்கு. மஞ்சள் கம்பளி. உங்க வீட்டுதா பாருங்க."



அதைப் பின்னியவளே நான்தான். சனிக்கிழமைதான் முடித்தேன்.