நொயலின் பிராட்லியின் வலது தோள்

காரிக் பேசின் ஸ்கீ கிளப்பில் ஒன்பது வருஷமாக எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. போட்டுக் கொடுத்தவன். சாப்பாட்டு நேரத்தில் நான் வாக்கி-டாக்கி ரேடியோவைக் கையில் எடுத்தால் போதும், அடுத்த மேசையிலிருந்து எவனாவது, "வாயை மூடுங்கப்பா, டெஸ் மைக்கை எடுத்துட்டான்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் ஆட்டுக்கறி எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அவர்கள் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. நொயலின் மேல்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிளப்புக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது, நினைவு மலரில் ஆளுக்கு ஒரு உறுப்பினரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் அவளைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

இந்தக் கதை தொடங்கியபோது நொயலினுக்கு நாற்பத்து மூன்று வயது. கீழே சமவெளியில் வாரத்துக்கு ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். குளிர்காலத்தில், அதாவது எங்கள் தென்பாதி உலகத்தில் ஜூன் முதல், சனி, ஞாயிறு இரண்டு நாளும் மலைக்கு வந்து பேட்ரோல் வேலை பார்ப்பாள். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, பனியில் விழுந்து அடிபட்டவர்களை ஸ்லெட்டில் கட்டி இறக்குகிற வேலை. எங்கள் கிளப்பில் அந்தச் சட்டையைப் போட்ட முதல் பொம்பளை அவள்தான். நான் கயிறு ஓட்டுகிறவன். பழைய டிராக்டர் என்ஜின், அதைச் சுற்றி ஒரு தகரக் கொட்டகை, அதுதான் என் ராஜ்யம்.

பெரிய மலைகளில் இருப்பதுபோல் எங்களிடம் நாற்காலி லிஃப்ட் கிடையாது. ஸ்கீ போட்டவர்களை மேலே இழுத்துப்போக வலப்பக்கமாக ஒரு கயிறு ஓடிக்கொண்டே இருக்கும். வலது கையால் அதைப் பிடித்து, அதன் வேகத்துக்கு நாமும் வந்த பிறகு, இடுப்புப் பட்டையில் தொங்குகிற இரும்புக் கவ்வியை இடது கையால் வீசிக் கயிற்றின்மேல் பூட்ட வேண்டும். பார்க்கப் பெரிய பாக்குவெட்டி மாதிரி இருக்கும். பூட்டுகிற அந்த மூன்று நான்கு நொடியும் ஆளின் மொத்தப் பாரமும் வலது தோளில்தான். நல்ல தோள் உள்ளவனே மத்தியானத்துக்குள் முனகிவிடுவான்.

நொயலினின் வலது தோள் முதலில் கழன்றது ஒரு சாதாரண விழுகையில். டாக்டர் மூட்டுக்குள் திரும்பப் போட்டார், ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். எல்லாருக்கும் தெரிந்தது அந்த ஒரு தடவைதான். இரண்டாவது தடவை என் கயிற்றில். கயிற்றைப் பிடித்தாள், பாதி வழி போகவில்லை, கையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் சரிந்தாள். எழுந்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, நேராக என் கொட்டகைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"பெஞ்சைக் காலி பண்ணு."

"என்னாச்சு?"

"கேள்வி கேக்காத டெஸ். பெஞ்சு."

ஸ்பேனர்களைத் தள்ளிவிட்டேன். குப்புறப் படுத்தாள். வலது கை பெஞ்சுக்கு வெளியே தொங்கியது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி, அதற்குக் கீழே, அக்குள் பக்கம், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு உருண்டை. டீசல் கேன் ஒன்றை மணிக்கட்டில் கட்டித் தொங்கவிடச் சொன்னாள். கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கால்மணி நேரம் கிடந்தாள். வெளியே வரிசையில் நின்றவன் ஒருவன் தகரத்தைத் தட்டி, "டெஸ், என்ஜின் தூங்குதா, நீ தூங்குறியா?" என்றான்.

"ரெண்டு பேரும்தான், போடா" என்றேன்.

அப்போது 'டொக்' என்று தோள் உள்ளே போன சத்தம். கதவுத் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி. நொயலின் மூச்சை விட்டாள். எழுந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, வாயில் சிரிப்பு இருந்தது.

"இது மர்டாக்குக்குத் தெரிய வேண்டாம்."

மர்டாக் பேட்ரோல் தலைவன். தோள் அடிக்கடி கழலுகிற ஆள் ஸ்லெட் இழுக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. தெரிந்தால் சிவப்புச் சட்டையைத் திரும்ப வாங்கிவிடுவான், அதில் தப்பும் இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒருநாள் பூட்ஸைக் கழற்ற இழுத்தபோது. ஒருநாள் தும்மியபோது, நம்புங்கள், தும்மியபோது. வீட்டில் தூக்கத்தில் புரண்டு கழன்றதை அவளே கட்டில் ஓரத்தில் கையைத் தொங்கவிட்டு உள்ளே போட்டுக்கொண்டாள். ஆறாவதுக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கொண்டாள். கோடைக்காலத்தில், யாருக்கும் தெரியாமல், தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. ஒரு குளிர்காலம் தாங்கியது. அடுத்த குளிர்காலம் ஜூலையிலேயே மறுபடி என் பெஞ்சில் கிடந்தாள். பெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அது வலியில் போட்ட சத்தம் இல்லை.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"தோள் மூட்டு கப்பும் சாஸரும் மாதிரியாம். சாஸர் விளிம்பு உடைஞ்சு போச்சாம். கப் நழுவிக்கிட்டேதான் இருக்குமாம்."

"அப்போ?"

"எலும்பு வெட்டி ஒட்டலாமாம். ஒட்டினாலும் ஸ்லெட் தொடக் கூடாதாம். ஒட்டாம இப்படியே விட்டா நரம்பு அறுந்து கை செத்துப் போகுமாம்." விரல்களை மடக்கிக் காட்டினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியில் நின்றுவிட்டன. "இது ரெண்டும் இப்பவே கொஞ்சம் மரத்துத்தான் இருக்கு."

"நொயலின், இது பைத்தியக்காரத்தனம்."

"தெரியும்."

"பஸ் எப்படி ஓட்டுவ?"

"பஸ்சுக்கு இடது கை போதும்." பிறகு, கொட்டகையின் சின்ன ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வாரத்துல அஞ்சு நாள் நான் ஒரு டிரைவர், டெஸ். பசங்க பேருகூடக் கேக்க மாட்டாங்க. இங்கதான் யாராவது விழுந்தா என் பேரைச் சொல்லிக் கத்துறாங்க."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் என்ஜின்.

அதை வைத்து ஒன்று செய்தேன். அதுதான் தப்பு. அவள் கயிற்றுக்கு வருகிறபோதெல்லாம் என்ஜினை மெதுவாக்கினேன். த்ராட்டிலை ஒரு விரல் அளவு பின்னால் இழுப்பேன், அவள் கவ்வியைப் பூட்டியதும் மறுபடி தள்ளுவேன். அவள் பிடிக்கிற அந்த நான்கு நொடி கயிறு ஆமை மாதிரி நகரும். மேலே தொங்கிக்கொண்டிருக்கிறவர்கள் கத்துவார்கள். கிழட்டு என்ஜின், புதுசு வாங்கித் தாருங்கள் என்று நானும் திருப்பிக் கத்துவேன். கமிட்டியில் அதைப் பற்றித் தீர்மானம்கூடப் போட்டார்கள்.

மூன்றாவது வாரம் அவள் கண்டுபிடித்துவிட்டாள். கொட்டகைக் கதவை உதைத்துத் திறந்தாள்.

"எனக்காகக் குறைக்கிறியா?"

"என்ஜின் கிழடு."

"நீதான் கிழடு. நான் என்ன பாட்டியா? கூட்டுடா வேகத்தை!"

கூட்டினேன். அன்றைக்கு மத்தியானமே மறுபடி பெஞ்சு. ஒன்பதாவது. அடுத்த வாரத்திலிருந்து வரிசையில் என் ஜன்னலுக்கு நேரே வரும்போது, யாரும் பார்க்காமல், இடது கையின் ஒரு விரலை லேசாகத் தூக்குவாள். குறை என்று அர்த்தம். அந்த விரலைப் பார்த்ததும் த்ராட்டிலை இழுப்பேன். அவ்வளவு திமிர் பிடித்தவள் அந்த ஒரு விரலைத் தூக்க எவ்வளவு யோசித்திருப்பாள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் மர்டாக் ஒரு தாளை நீட்டுவான். உடம்பில் குறை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அவள் போடுவாள். அந்தக் கை கழன்றால் உள்ளே போடுகிற கை என்னுடையது. ஆகவே அந்தக் கையெழுத்தில் பாதி என்னுடையதுதான்.

தோள் கழலத் தொடங்கி ஐந்தாவது குளிர்காலம், ஆகஸ்ட், சனிக்கிழமை. முதல் நாள் வடமேற்குக் காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டி, விடியற்காலையில் அது அப்படியே உறைந்திருந்தது. மலை முழுக்கக் கண்ணாடி. மர்டாக்கும் மற்ற மூன்று பேரும் அடுத்த பள்ளத்தில் பனிச்சரிவு அபாயம் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தார்கள். எங்கள் பக்கம் நொயலின் ஒருத்திதான்.

பத்தரை மணிக்கு ஆல்வின் விழுந்தார். ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர், எழுபது வயது, எனக்குப் பிடித்த மனுஷன். என்ஜினை ஒருவனிடம் விட்டுவிட்டு நானும் நொயலினோடு ஸ்லெட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன். தொடை எலும்பு முறிந்து கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. நொயலின் பூட்ஸைத் தளர்த்திப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்தது.

"ஐஸ் மாதிரி இருக்கு. ரத்தம் போகல. மர்டாக் வர நாப்பது நிமிஷம் ஆகும். காத்திருக்க முடியாது. நீ ஸ்லெட்டோட பின் கயிறைப் பிடி."

"முன்னால யாரு?"

"வேற யாரு இருக்கா?"

"உன் தோள்..."

"டெஸ். பின் கயிறு."

ஆல்வினுக்கு வலி மறக்க, மருந்து நிரப்பிய ஒரு பச்சைக் குழாயை உறிஞ்சக் கொடுத்திருந்தாள். அவர் ஸ்லெட்டில் கட்டுண்டு, வானத்தைப் பார்த்து, "எத்தனை பசுவுக்குப் பிரசவம் பாத்திருக்கேன் தெரியுமா, எனக்குப் பாக்க ஒருத்தன் இல்ல" என்று சிரித்துக்கொண்டிருந்தார். நொயலின் ஸ்லெட்டின் முன்பக்கக் கைப்பிடிகளுக்கு நடுவே நின்றாள். நான் பின்னால் கயிற்றை முன்கையில் சுற்றிக்கொண்டேன். குறுக்காக, ஸ்கீயின் விளிம்பைப் பதித்துப் பதித்து இறங்கினோம். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தோம். அவள் ஒரு தடவை திரும்பி, "பாத்தியா?" என்றுகூடச் சொன்னாள்.

கடைசி மேட்டில் ஸ்லெட்டின் மூக்கு குத்தி இறங்கியது. வலது கைப்பிடி மேலே எகிறியது. அவள் கையும் அதோடு மேலே போனது. இருபதடி பின்னால் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

வலது கைப்பிடி விடுபட்டது. ஸ்லெட் அவள் இடது கையைச் சுற்றிக்கொண்டு திரும்பி, அவளைத் தள்ளிவிட்டு, ஓடியது. கயிறு என் கையுறையைத் தேய்த்து, தோலைத் தேய்த்து, உருவிக்கொண்டே போனது. நான் உட்கார்ந்தேன், படுத்தேன், குதிகாலை ஊன்றினேன், எதற்கும் நிற்கவில்லை. பனி வேலியில் மோதித்தான் நின்றது. ஆல்வின் தலைக்கும் வேலிக் கம்பத்துக்கும் நடுவே ஒரு சாண்.

"இன்னொரு தடவை போலாமா?" என்றார் ஆல்வின், குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு. அவருக்கு அன்றைக்கு நடந்தது எதுவுமே பிறகு ஞாபகமில்லை.

நொயலின் வழுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தாள். ஆல்வின் மூச்சைப் பார்த்தாள், கட்டுகளைப் பார்த்தாள், எல்லாம் இடது கையால். பிறகு கம்பத்தைப் பார்த்தாள். அந்த ஒரு சாண் இடத்தில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் மண்டியிட்டேன். என் கையிலிருந்து ரத்தம் சொட்டியது. "வேலிப் பள்ளம் இருக்கு. குப்புறப் படு, கையைத் தொங்க விடு. ஆள் வர்றதுக்குள்ள போட்டுடலாம்."

"வேண்டாம்."

"விரலைப் பாரு, வெளுத்துப் போச்சு! நரம்பு போயிடும் நொயலின். படு."

"போடாத." அவளுக்குப் பல் கிட்டித்தது. "உள்ள போயிடுச்சுன்னா நான் எழுந்து நின்னுடுவேன். ஐஸ் வழுக்கிடுச்சு, வேற ஒண்ணுமில்லன்னு மர்டாக்கிட்டச் சொல்லுவேன். அவனும் நம்புவான். அடுத்த சனிக்கிழமை நான் வருவேன், டெஸ். உனக்குத் தெரியும், நான் வருவேன்."

எனக்குத் தெரியும். நான் மறுபடி அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன். உதைத்தாள், பூட்ஸ் காலால், என் நெஞ்சில்.

"ரேடியோவை எடு."

"மர்டாக்கைத் தனியா வேற சேனலுக்கு வரச் சொல்றேன்..."

"பொதுவுல பேசு. சமையக்கட்டு, கார் நிறுத்தம், எல்லாருக்கும் கேக்கணும். அப்பதான் நான் திரும்பி வர முடியாது. ஆல்வினுக்கு ஆள் அனுப்பச் சொல்லு. அப்புறம் என் தோளைச் சொல்லு. இதுவரைக்கும் எத்தனை?"

"பதினாலு."

"அந்த நம்பரைச் சொல்லு. குறைச்சுச் சொல்லாத. நீ பேச ஆரம்பிச்சதும் நான் பொய்யின்னு கத்துவேன். உன்னைக் கெட்ட வார்த்தையில திட்டுவேன். என்னால அடக்க முடியாது, எனக்கே தெரியும். நான் எவ்வளவு கத்தினாலும் பட்டனை விட்டுக் கையை எடுக்காத, முழுசாச் சொல்லி முடி."