ஏழாம் எண்ணைக் கேட்டு வாங்கியவள்

என் மருமகள் மெட்ரோ ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு வருடம் உட்கார்ந்தவள். நாளெல்லாம் அவள் காதில் விழுந்தது ஒரே கேள்வி: "இந்த மூணாம் நம்பர் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகுமா?"

அவளுடைய நிலையத்தைத் தாண்டியதும் மூன்றாம் எண் தடம் இரண்டாகப் பிரியும். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, மற்றது துறைமுகத்துக்கு. இரண்டு ரயிலின் நெற்றியிலும் பெரிதாக 3. போகும் இடம் மட்டும் அதன் கீழே பொடி எழுத்தில் ஓடும்.

என் மகனுக்குச் சர்க்கரை நோயில் சிறுநீரகம் போய், கண்ணும் பாதி போயிருந்தது. பெரிய எண் தெரியும், பொடி எழுத்து தெரியாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டருகே ரயில் ஏறுவான். கூட வருகிறேன் என்றால், "நான் என்ன எல்கேஜி பிள்ளையா?" என்று பாய்வான். யாரிடமும் வழி கேட்கவும் மாட்டான். இரண்டு முறை துறைமுகத்தில் போய் இறங்கினான். இரண்டாம் முறை டயாலிசிஸே தவறி, மறுநாளே கால் வீங்கிவிட்டது.

"இன்னொரு தடவை நேரம் தவறினா, இந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்" என்றாள் டயாலிசிஸ் நர்ஸ். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். காத்திருப்பவர்களும் மனிதர்கள்தானே.

ஆஸ்பத்திரித் தடத்துக்குத் தனி எண் கேட்டு மருமகள் மெட்ரோ தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதினாள். பதில் இல்லை. நான்கு மனுக்கள் அப்படியே போயின. ஐந்தாவதை நேரில் கொண்டுபோனாள், என்னையும் இழுத்துக்கொண்டு.

அதிகாரி சிரித்தார். "நம்பரை மாத்தினா ஜனங்க குழம்பிடுவாங்கம்மா. மேப்பும் இப்ப பாக்க அழகா இருக்கு."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஓட்டுநர்களின் டூட்டி சார்ட் ஒட்டியிருந்தது. மருமகள் அதைக் காட்டினாள். "சார், அதுல ஆஸ்பத்திரி வண்டிக்கெல்லாம் ஏழுன்னு போட்டிருக்கே?"

"அது நம்ம ஆளுங்களுக்கும்மா. இல்லேன்னா எந்த வண்டி எந்தப் பக்கம்னு டிரைவருக்கே குழம்பிடும்."

"தினமும் ஓட்டுற டிரைவருக்கே குழம்பும். பாதிக் கண்ணு தெரியாத எங்க வீட்டுக்காரருக்குக் குழம்பாதா சார்?"

பக்கத்து மேசை டைப்பிஸ்ட் சிரிப்பை இருமலாக்கினாள். அதிகாரி திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு மனுவை வாங்கிப் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எங்கே கத்துக்கிட்ட இந்தப் பேச்சை?" என்றேன், படி இறங்கும்போது.

"உங்ககூட மல்லுக்கட்டின பழக்கம்தான் அத்தை."

ஆறு வாரத்தில் ஆஸ்பத்திரி ரயில்களின் நெற்றியில் ஏழு ஏறியது. முதல் நாள் மகன் தனியாகவே கிளம்பினான். மருமகள் ஜன்னலில், நான் வீட்டில். இருவருக்கும் வேலை ஓடவில்லை. எட்டே முக்காலுக்கு அவனிடமிருந்து போன்.

"அம்மா, ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறேன். டயாலிசிஸ் ரூம் கதவையே இன்னும் தொறக்கல. உன் மருமககிட்ட சொல்லிடு, இன்னைக்கு நான்தான் முதல் ஆள்."