தார்ப்பாய்க்குள் நின்ற குதிரைகள்

மழை நாள்களில் தார்ப்பாய்க்கு அடியில் வெளிச்சம் நீலமாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் மரக்குதிரைகள் தலையைத் தூக்கி, ஒரு முன்னங்காலை மடக்கி, நின்ற இடத்திலேயே எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் படியில் போட்டுவிட்டு நான் அதற்குள் நுழைந்துவிடுவேன். தலைக்கு மேல் மழை தட்டும். கண்ணை மூடிக்கொண்டால் அது குளம்புச் சத்தம்.

திருவனந்தபுரத்தில் நேமம் பக்கம் எங்கள் வீடு. அதை ஒட்டி ஒரு காலி மனை, அதுவும் அப்பாவுடையது. குதிரைகள் மட்டும் அப்பாவுடையவை அல்ல. தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர் கோயில் திருவிழாக்களில் ராட்டினம் சுற்றிப் பிழைத்துவந்தார். சாலை பஜாரில் இருந்த அப்பாவின் ஹார்டுவேர் கடையில்தான் போல்ட்டும் நட்டும் வாங்குவார். ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், "ஓணம் கழிஞ்சதும் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று சொல்லி, ராட்டினத்தைப் பிரித்து எங்கள் மனையில் வைத்துவிட்டுப் போனார். குதிரைகள், நடுத்தண்டு, குடைக்கம்பிகள், கித்தான், ஒரு பித்தளை மணி. அந்த ஓணம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. அவருடைய ஃபோன் அணைந்தே கிடந்தது. எங்கிருந்தோ ஒரு கொடி வந்து நடுத்தண்டில் ஏறி, ஒரு குதிரையின் கழுத்தைச் சுற்றிப் பூத்தது.

அப்பாவுக்கு அந்த இடத்தில் கடைச் சரக்குக்கு ஒரு கிடங்கு கட்ட வேண்டும். ஆக்ரிக்காரரிடம், அதாவது பழைய சாமான் வாங்குகிறவரிடம், பேசியும் விட்டார். அவர் மறுநாளே டெம்போவில் அள்ளிக்கொண்டு போயிருப்பார். அத்தை குறுக்கே வந்தாள். அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தாள், வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல்.

"ஏலே, மனை ஒன்னோடது, சரி. சாமான் அவனோடதுல்லா? நம்ம மண்ணுல கிடந்தா நம்மளோடது ஆயிருமா?"

"நான் என்ன அதைத் திங்கவா போறேன்? இடத்தைக் காலி பண்ணணும், அவ்வளவுதான்."

"பண்ணு. யாரு வேண்டாம்னா? முறையா பண்ணு."

முறை நீளமாக இருந்தது. அத்தை விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். அவர் கொடுத்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சி வைத்து, என்னென்ன இருக்கிறது, எது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோட்டோ. நனையாமல் மூடி வைப்பது. பதில் வராவிட்டால் பத்திரிகையில் அறிவிப்பு, இந்த நாளுக்குள் எடுக்காவிட்டால் விற்றுவிடுவோம் என்று. விற்றாலும் நம் செலவு போக மிச்சத்தை அவருக்காக எடுத்து வைப்பது. அப்பா முனகிக்கொண்டே கடையிலிருந்து புதுத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

நான் அத்தையோடு பேசுவதை நிறுத்தினேன். நோட்டீஸ் என்பது குதிரைகளை விரட்டுகிற காகிதம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அவை எப்போதோ டெம்போவில் ஏறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆள் அந்த விலாசத்தில் இல்லை என்று தபால் திரும்பி வந்த அன்று எனக்குக் கொண்டாட்டம். அத்தை அசரவில்லை. மலையாளப் பத்திரிகையோடு, தென்காசிப் பக்கம் போகும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் அறிவிப்புப் போட்டாள்.

கெடு முடிகிற சமயத்தில், நவராத்திரி நடுவில், ஒரு ஃபோன் வந்தது. பேசியது ராட்டினக்காரர் அல்ல. தென்காசி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருப்பவர்.

"அவரு உசரத்துலேருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சி, மக வீட்டுல படுத்துக் கெடந்தாரும்மா. இப்பதான் நடக்காரு. பேப்பரைப் பாத்து நான்தான் சொன்னேன். ஆயுத பூஜை முடியாம லாரி கெளம்பாது. விஜயதசமிக்குக் காலம்பர வண்டியெடுத்து வந்துருவோம். அதுவரைக்கும் வித்துராதீய. அது போச்சுன்னா அவருக்கு வேற தொழில் கெடையாது."

அப்பா நம்பவில்லை. "டீக்கடைக்காரன் சொன்னா அவன் வந்துருவானா? ரெண்டு ஓணமா வந்துக்கிட்டுல்லா இருக்கான்! கெடு அஷ்டமியோட முடியுது. விஜயதசமிக்குக் கிடங்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் வருது. நான் நவமிக்கு ஆக்ரிக்காரனை வரச் சொல்லியாச்சு."

நவமியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அன்றுதான் கடை அடைப்பு. எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் அவற்றைத் தொடுவதில்லை. என் கணக்குப் புத்தகம் பூஜையில் இருந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன். அப்பாவின் கடைத் தராசும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

அத்தை நோட்டீஸ் நகலை ஃபைலில் வைத்து மூடினாள். அவள் சொன்ன முறைப்படியே எல்லாம் முடிந்திருந்தது.

நவமி காலையில் டெம்போ வந்தது. சுமக்க வந்தவர்கள் தார்ப்பாயைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

ஒவ்வொரு குதிரையின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். காதோரம் ஒரு செம்பருத்தி. நடுத்தண்டுக்குத் துளசி மாலை. ஈர மண்ணிலிருந்து சந்தன வாசம் எழுந்தது. குதிரைகள் அப்போதுதான் ஏதோ கோயிலை வலம் வந்து நின்றவை போல இருந்தன. ஆக்ரிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"பூஜைக்கு வச்சதல்லே சாரே? தொடான் பற்றில்லா." தொடக்கூடாது என்று கையை விரித்தார்.

அப்பா திரும்பினார். "யாரு பாத்த வேலை இது?"

பின்வாசல் படியில் அத்தை காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "நாந்தான். நேத்து சாயங்காலம் வச்சேன்."

"நீயா? இந்த வீட்டுல விளக்குத்திரி எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தொழில் சாமானுக்குப் பூஜை வைக்கது வழக்கம்தானே. பின்னே, ஒன் தராசை எடுத்து இன்னைக்கு ஆணி நிறுத்துக் குடு பாப்போம்."

"கெடு முடிஞ்சாச்சு. நீதானே சொன்ன?"

"கெடு முடிஞ்சிட்டு. பூஜை முடியல்லையே."

ஆக்ரிக்காரர் சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டார். "வக்கீலினோடு கேஸ் ஜெயிக்கான் நோக்க வேண்டா சாரே." டெம்போ வெறுமனே திரும்பிப் போயிற்று. அப்பா அன்று முழுக்க அத்தையோடு பேசவில்லை. நான் பேச ஆரம்பித்தேன்.

விஜயதசமி காலையில், வானம் தோண்ட வந்தவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள், மாலை போட்ட லாரி ஒன்று சந்துக்குள் வந்தது. ராட்டினக்காரர் ஒரு கம்பை ஊன்றி இறங்கினார். பாதி ஆளாக இளைத்திருந்தார். வரட்டும், நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த அப்பா, கம்பைப் பார்த்ததும் உள்ளே போய் ஸ்டூல் எடுத்து வந்தார்.

அத்தை ஃபோட்டோக்களை நீட்டினாள். "ஒவ்வொண்ணா சரி பாத்து கையொப்பம் போடணும், கேட்டீங்களா?"

அவர் ஃபோட்டோவைப் பார்க்கவில்லை. ஸ்டூலிலும் உட்காரவில்லை. முதல் குதிரையின் நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தை விரலால் தொட்டார்.

"யாரு பொட்டு வச்சது?"

அத்தை ஃபோட்டோக்களைத் திரும்ப அடுக்கினாள்.

"ரெண்டு வருசமா ஆயுத பூஜைக்கு நான் இல்ல. இதுகளுக்கு இனி யாரு..." குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பெரிய ஆள் ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஏதாவது ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று சுற்றிலும் தேடினேன். கண்டுபிடித்தும் விட்டேன். அந்தக் குதிரைக்கு இடது காது இல்லை. மழை ஈரத்தில் இற்று அதன் காலடியில் விழுந்து கிடந்தது. பாவம், அதற்குத்தான் அழுகிறார். வீட்டுக்குள் ஓடி அப்பாவின் மரப்பசையை எடுத்து வந்தேன். காதைத் துடைத்து, பசை தடவி, இருந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரியில் வந்தவர்கள் குதிரையைத் தூக்கக் குனிந்தார்கள்.

நான் இரண்டு கையையும் விரித்து மறித்தேன்.

"இதை எடுக்கப்பிடாது. பசை காயணும். நாளைக்குத்தான் எடுக்கலாம்."

முதலில் சிரித்தது அத்தை. "ஐயோ, இதுவும் ஒன்னை மாதிரியேல்லாக்கா வருது!" என்று அப்பா தலையில் கைவைத்து, தான் கொண்டுவந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்துவிட்டார். ராட்டினக்காரரும் ஈரக் கன்னத்தோடு சிரித்தார். எதற்கு இத்தனை சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. காதை அழுத்திப் பிடித்தபடியே நின்றேன். பசை காய ஒரு நாள் ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது.