சம்பங்கி குடியரசில் பூட்டிய கதவு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டுக்குச் சுதந்திர தினம்.

ஆகஸ்ட் இல்லையே என்று காலண்டரைப் பார்க்காதீர்கள். இது வேறு நாடு. அடையாறில் இருக்கிறது. பன்னிரண்டு வீடு, ஒரு லிப்ட், ஒரு கேட்.

கொரோனா ஊரடங்கில் பிறந்த நாடு. மூன்றாவது மாடி ராமசேஷன் சார் பேங்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு நாள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார் – 'இன்று முதல் சம்பங்கி பிளாட்ஸ் தனி நாடு. யாரும் வெளியே போக முடியாது, உள்ளே வர முடியாது. அப்புறம் என்ன?' அவரே ஜனாதிபதி. மொட்டை மாடியில் கொடி ஏற்றினார்கள். உலகத்தில் இப்படிக் குட்டி நாடுகள் நிறைய இருக்கிறதாம். மைக்ரோநேஷன் என்று பேராம்.

நான் பஸ் ஓட்டினவன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. பேர் எதுவாக இருந்தால் என்ன? பயந்து கிடந்த ஜனங்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு. தப்பே இல்லை.

ஆனால் நாடு பிறந்த கையோடு இன்னொன்றும் செய்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு டாய்லெட். வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்கும் வாட்ச்மேனுக்கும் உள்ளது. நோய் பரவும் என்று அதைப் பூட்டினார்கள். சானிடைசர் கேன்களை உள்ளே அடுக்கி, கதவில் 'கஸ்டம்ஸ் ஆபீஸ்' என்று ஒட்டினார்கள். அப்போது சரி.

இப்போது? மாஸ்க் தாடைக்கு இறங்கி, பாக்கெட்டுக்குப் போய், காணாமலே போய்விட்டது. பர்த்டே பார்ட்டி நடக்கிறது. பீட்சா கொண்டு வருகிறவன் லிப்டில் நேராக மூன்றாவது மாடிக்குப் போகிறான். அந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை.

எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் உறைத்தது.

விழாவுக்குக் கார் பார்க்கிங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள் தேவகி. கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். எங்கள் பிளாட்ஸில் நாலு வீட்டில் வேலை. எங்கள் வீட்டில் இல்லை – என் மனைவி சரோஜா துடைப்பத்தை யார் கையிலும் கொடுக்கமாட்டாள். வெயிலில் நிற்கிறாளே என்று சரோஜா மோர் கொண்டுபோய் நீட்டினாள்.

"வாணாம்மா."

"ஏண்டி, விரதமா?"

"விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க வந்தா தண்ணியே குடிக்கிறதில்லம்மா. குடிச்சா எங்க போறது? உங்க நாட்ல எனக்கு விசா கீதா இன்னா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை செய்கிற வீட்டில் அவள் டாய்லெட்டைக் கழுவலாம். போகக் கூடாது. எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, எல்லாருக்கும் தெரியும். வாட்ச்மேனுக்குச் சுவர் இருக்கிறது. அவளுக்கு? போன மாதம் நீர்க்கடுப்பு வந்து ஜுரத்தில் படுத்திருக்கிறாள். இரண்டு வீட்டில் லீவுக்குச் சம்பளத்தைப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு தடவை படுத்தால் வேறு ஆள் பார்ப்பதாகவும் சொல்லியாச்சு.

அடக்குவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ட்ரிப் முடியும்வரை அடக்கி ஓட்டினவன். கிட்னியில் கல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன். ஆனால் ஆம்பிளை. ஓரமாக நிறுத்தி இறங்கலாம்.

ராமசேஷன் சாரிடம் போனேன். கொடிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதவைத் திறந்துடலாமே சார்."

"எதுக்கு? அதுல ஸ்பீக்கர், சேரெல்லாம் போட்டிருக்கு. அவாளும் பழகிட்டா, விடுங்கோ."

பழகிவிட்டார்களாம்... வயிறு பழகுமா?

சாயங்காலம் விழா. கொடி ஏறியது. கொடி மாதிரியே கேக். வெட்டியாச்சு. தட்டைக் காணோம்.

"தேவகி எங்கே? பிளேட் எங்கே?" என்று மைக்கிலேயே கேட்டார் ஜனாதிபதி. கேட்டைத் தாண்டி அவள் ஓடியதை நான் மட்டும் பார்த்திருந்தேன். "சரி, அதுக்குள்ள நம்ம மூத்த குடிமகன் ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று மைக்கை என் கையில் கொடுத்தார்.

எனக்குப் பேச வராது. தெரிந்ததைச் சொன்னேன்.

"தேவகி பஸ் டிப்போ பக்கம் போயிருக்கு. ஒண்ணுக்குப் போக. இங்க இருக்கிறதப் பூட்டி வெச்சிருக்கோம்."

இரண்டாவது மாடி அம்மா, காலேஜில் பாடம் எடுக்கிறவர், மெதுவாகச் சொன்னார்: "இதெல்லாம் இப்பவா அங்கிள்? குழந்தைங்க இருக்காங்க."

"குழந்தைங்க ஒண்ணுக்குப் போறதில்லையாம்மா?"

ராமசேஷன் சார் மைக்கை வாங்கினார். "கான்ஸ்டிட்யூஷனல் அமெண்ட்மெண்ட் வேணுங்கிறார். ஜெனரல் பாடியில வெச்சுக்கலாம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 'முடியாது' என்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒருத்தியின் உடம்பு அங்கே ஜோக் ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஜனங்கள் உள்ளங்கை தோலுரியக் கை கழுவினார்கள். உடம்பு என்றால் என்ன பயம் அப்போது! அது சொந்த உடம்பு.

தேவகி வேர்த்து விறுவிறுத்து வந்தாள். கேட்டிலேயே நான்கு குரல் அவளைப் பிடித்துக்கொண்டது. "எங்கடி போய்த் தொலைஞ்சே?" அவள் தட்டை அடுக்கினாள்.

சரோஜா எழுந்தாள். கூட்டத்தின் நடுவே நடந்து அவள் கையைப் பிடித்தாள். எங்கள் வீடு தரைத்தளம். அந்தக் கதவைக் காட்டினாள்.

"நாளையிலேருந்து இங்க வா. உன்கூட வர்றவங்களையும் கூட்டிட்டு வா."

"வாணாம்மா. ஏதாவது சொல்வாங்கோ. நாலு வூட்டு வேலமா..."

"சொல்லட்டும். எங்கிட்ட வந்து சொல்லட்டும்."

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தாள், இன்னும் இரண்டு பேரோடு. செருப்பை வெளியே விட்டாள். வாசலில் நின்று மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். சரோஜா முதுகில் தட்டி உள்ளே தள்ளினாள். "போடி மொதல்ல!"

அன்று மத்தியானமே குரூப்பில் அறிவிப்பு. வெளியாட்களை வீட்டுக் கழிவறைக்கு விடுவது எல்லாருடைய சுகாதாரத்துக்கும் கேடு, தண்ணீர் செலவு, இத்யாதி. ஜெனரல் பாடிக்குத் தேதி இன்னும் வரவில்லை. எனக்கு ஒரு பட்டமும் வந்திருக்கிறது – 'பிரிவினைவாதி'. பக்கத்தில் சிரிக்கிற பொம்மை.

சரி, பிரிந்தாச்சு. எங்கள் நாட்டுக்குக் கொடி இன்னும் முடிவாகவில்லை. ஃப்ளஷ் நன்றாக வேலை செய்கிறது.