தெல்மா தலையாட்டிய கதை

தெல்மா வேறொருவனோடு ஓடிப்போனாள் என்று ஐடா ஹார்னர் ரொட்டிக்கடை வரிசையில் நின்று சொல்கிறாள் என்றால், அது ஐடாவின் வாய். என் காதுபட இனி யாரும் அதைச் சொல்லவேண்டாம். தெல்மா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் கெட்டில் கூவினால் இந்தப் பக்கம் நான் கோப்பையை எடுப்பேன். ஒருவன் வந்து போயிருந்தால் எனக்குத் தெரியாதா?

"புருஷன் போயி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கிறிஸ்துமஸ் தாத்தாவப் பாக்கக் கிளம்பிட்டா மகராசி!" இது ஐடாவின் அடுத்த பாட்டு. ஆமாம், போனாள். நானும்தான் கூடப் போனேன்.

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் சோறு போடுவது மீன்தான். தெல்மாவின் அப்பாவும் கடலோடு போனவர். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவள் மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்தும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டு அந்த வாடை போகாது. லெஸ்ஸை அவள் கட்டிக்கொண்டபோது, "இதே வாடையில இன்னொருத்தன், பொருத்தம்தான்" என்று நானே கேலி செய்தேன். லெஸ் ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போகும் கப்பலில் வேலை பார்த்தான். போனால் மூன்று வாரம், வந்தால் மூன்று நாள். மூத்தவள் ஜேனிஸுக்கு அப்போது ஆறு வயது. சின்னவன் கீத்துக்குப் பேச்சு இன்னும் திருந்தவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் லெஸ்ஸின் கப்பலிலிருந்து வானொலிப் பேச்சு நின்றுபோயிற்று. மாலுமிகள் மிஷனிலிருந்து, கெட்ட செய்தி சொல்லவே வரும் கறுப்புக் கோட்டுக்காரர் தெருவுக்குள் வந்தார். அவர் வந்தால் எல்லா வீட்டுத் திரையும் லேசாக விலகும், எந்தக் கதவைத் தட்டப்போகிறார் என்று பார்க்க. தெல்மாவின் கதவைத் தட்டினார். முதல் தடவை வந்தபோது, தகவல் இல்லை என்றார். அடுத்த தடவை, இனி நம்பிக்கை இல்லை என்றார். இரண்டு தடவையும் தெல்மா தலையாட்டினாள்.

அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒரே பதில்தான். பால்காரர் "இன்னிக்கு ரெண்டு பாட்டிலா?" என்றால் தலையாட்டுவாள். "சூப் கொண்டாந்திருக்கேன், குடிப்பியா?" என்று நான் கேட்டால் தலையாட்டுவாள். சூப் அப்படியே ஆறிக் கிடக்கும். பிள்ளைகளிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. தெருவும் சொல்லவில்லை. தாய் சொல்லும்வரை நாம் வாய் திறப்பதில்லை, ஐடா உட்பட. அந்த மரியாதை அவளிடம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, கிறிஸ்துமஸ் தாத்தா குகைக்குப் போலாமா?" என்று ஜேனிஸ் கேட்டாள். அதற்கும் தலையாட்டல். அப்படித்தான் போனோம்.

நகரத்துப் பெரிய கடையின் மேல்மாடியில் குகை. அட்டையில் பாறை, பஞ்சில் பனி, கிரீச் கிரீச்சென்று தலையை ஆட்டும் ஒரு கலைமான். வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த தாத்தாவின் தாடியைக் கண்டதும் கீத் போட்ட கூச்சலில் என் தொப்பி கழன்று விழுந்தது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு தெல்மாவின் பக்கத்தில் நின்றேன். ஜேனிஸ் மட்டும் முன்னால் போனாள்.

கிறிஸ்துமஸ் தாத்தாக்களுக்கு ஒரு முறை உண்டு. பிள்ளை கேட்பதைக் கேட்டுவிட்டு, அதன் தலைக்கு மேலாகத் தாயைப் பார்ப்பார்கள். தாய் தலையாட்டினால் "கண்டிப்பா கிடைக்கும்" என்பார்கள். இல்லாவிட்டால் "பாக்கலாம், பாக்கலாம்" என்று மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"உனக்கு என்ன கண்ணு வேணும்?"

"எங்கப்பா கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரணும்."

"அப்பா எங்கே?"

"கடல்ல."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் இதைத்தான் கேட்பார்கள். கப்பல் என்றைக்குத் திரும்பும் என்று தாய்மாருக்குத் தெரியும், அதனால் தாத்தாக்களுக்குச் சங்கடமில்லை. இந்த மனிதர் ஆற்றுக்கு அந்தக் கரைக்காரர். எங்கள் தெருவின் துக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? வழக்கம்போல நிமிர்ந்து தெல்மாவைப் பார்த்தார். தெல்மா தலையாட்டினாள்.

"அப்படின்னா வந்துருவாரு! விருந்துல சுட்ட கோழிய வெட்டிப் பங்கு போடறதே உங்கப்பாதான், பாத்துக்கோ!" என்றார்.

நான் தெல்மாவின் கையைக் கிள்ளினேன். யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். பஸ்ஸில் தெல்மா, "அவரு என்ன கேட்டாரு ஆன்ட்டி?" என்றாள். சொன்னேன்.

"புள்ளைகிட்டச் சொல்லிடும்மா. நாள் கடத்தாதே" என்றேன்.

"சொல்றேன்."

சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஜேனிஸ் தினமும் வாசற்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுப் படுக்கப் போனாள். தெல்மா அதை மறுபடி போடவுமில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் நான் அங்கேதான் சாப்பிட உட்கார்ந்தேன். ஜேனிஸ் அப்பாவுக்கும் தட்டு வைத்தாள். கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அப்பாதான் கோழியை வெட்டவேண்டும் என்று. நாங்கள் உட்கார்ந்திருந்தோம். குழம்பின் மேல் கொழுப்பு வெள்ளையாகப் படிந்தது. கீத் உருளைக்கிழங்குக்கு அழுதான். இருட்டத் தொடங்கியது.

"பொய்க்காரக் கிழவன்!" என்றாள் ஜேனிஸ்.

"அவரு பொய் சொல்லல" என்றாள் தெல்மா. "அவரு என்னப் பாத்துத்தான் கேட்டாரு. நான்தான் தலையாட்டினேன். அப்பா வரமாட்டாரு ஜேனிஸ். கப்பல் முழுகிப் போச்சு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அங்க போறதுக்கு முந்தியே."

பிள்ளை அழவில்லை. "அன்னிக்குப் பொய் சொன்னே. இன்னிக்குச் சொல்றது மட்டும் நெசமா?" என்று கேட்டாள்.

ஜேனிஸின் மடியிலிருந்து கத்தியை வாங்கி நானே கோழியை வெட்டினேன். கீத் மட்டும் சாப்பிட்டான்.

அதன் பிறகுதான் அந்தப் பிள்ளை துறைமுகத்துக்குப் போகத் தொடங்கியது. கப்பல் எது வந்தாலும் வாயிலில் போய் நிற்கும். இறங்குகிற ஒவ்வொருவன் முகத்தையும் பார்க்கும். மீன் இறக்கும் ஆட்கள் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். ஒருநாள் தண்ணீர் விளிம்பில் பனி உறைந்த கல்லில் வழுக்கியவளை, ஒரு ஆள் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டானாம். தெல்மா ஓடிப்போய்த் தூக்கிவந்தாள். தூக்கிவந்தவள் என் சமையலறையில் உட்கார்ந்தாள்.

"இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் வர்ற கப்பலெல்லாம் அவங்கப்பா கப்பல்தான் ஆன்ட்டி. லீட்ஸுல என் சித்தி மக இருக்கா. அங்க கடல் கிடையாது."

"ஞாயித்துக்கிழமை கோயில்ல லெஸ்ஸுக்கும் மத்தவங்களுக்கும் ஜெபம் வச்சிருக்காங்களே, அதுக்காவது இருந்துட்டுப் போயேன்."

"அங்க அவள உக்கார வச்சா, ஊரே சேந்து பொய் சொல்லுதும்பா."

நான் வாதாடிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. லீட்ஸில் இருக்கும் அந்த 'வேறொருவன்' இதுதான், ஐடா: கம்பளி ஆலையில் வேலை பார்க்கும் சித்தி மகள்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். ஒரு பெட்டி, ஒரு மூட்டை. கீத் என் கழுத்தை விடவில்லை, பிரித்தெடுத்துக் கொடுத்தேன். ஜேனிஸ் துறைமுகம் இருக்கும் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தாள். தெல்மா அவள் மணிக்கட்டை விடவில்லை. எங்கள் தெருவில் வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கு யாரும் கை அசைப்பதில்லை. யார் அசைத்தாலும் போனவர் திரும்பமாட்டார் என்பார்கள். அதனால் நான் கைகளை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டேன். தெருமுனையில் தெல்மா நின்றாள், பெட்டியைக் கீழே வைத்தாள், என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி நன்றாக அசைத்தாள்.

திரைக்குப் பின்னால் ஐடாவும் பார்த்தாள். புத்தி பேதலித்துவிட்டது என்கிறாள். இல்லை. மீன்காரத் தெருவில் பிறந்தவள், இனித் திரும்புவதில்லை என்று தெரிந்தேதான் அசைத்தாள்.