இருபத்தெட்டுப் பல்

1955 ஜூலை முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் சுசீலாபாய் அப்பாவோடு தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் போனாள். அப்பா யோசுவா, பிளாட்பாரத்தில் படுத்துச் சுமை தூக்கிப் பிழைக்கும் பயல்களை ஒவ்வொருவராக மதிலோடு நிறுத்தினார். அவள் டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதினாள். உயரம், தழும்பு, பல். மராமத்து அலுவலகத்தில் படம் வரையும் டிரேசர் அவள். கால் அங்குலம் தவறாது.

"வாயத் தொறலே தங்கையா."

"பாட்டா, இது என்ன மாட்டுச் சந்தையா?"

"மாட்டுக்கு இதைவிட நல்ல பல்லு இருக்கும். இருபத்தெட்டு. எழுது மக்களே," என்றார் அப்பா அவளிடம்.

தங்கையனுக்குப் பதினாறு வயது. ஐந்தடி இரண்டேகால் அங்குலம்.

யோசுவா முப்பத்தொரு வருஷம் ரயில்வே பார்சல் குமாஸ்தா. உடைந்த பெட்டி வந்தால், சேதத்தை எழுதாமல் கையெழுத்துப் போடமாட்டார். அவர் ஓய்வு பெற்ற வருஷம், போலீஸ் பிடித்துப்போன ஒரு பையன் கை முறிந்து திரும்பினான். பிடிக்கும்போதே அப்படித்தான் என்றார்கள். இல்லையென்று காட்ட யோசுவா எதையும் எழுதிவைத்திருக்கவில்லை. மறுநாள் நோட்டு வாங்கினார். அதன்பிறகு ஜாமீன் எடுக்கப் போகும்போதெல்லாம் நோட்டும் கூடப் போயிற்று.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ஒரு பயணியின் பெட்டியைத் திருடியதாகத் தங்கையனைப் பிடித்தார்கள். இரவுக்குள் ஒப்புதலும் எழுதி வாங்கிவிட்டார்கள். சனிக்கிழமை அலுவலகம் விட்டு சுசீலா காவல் நிலையத்துக்குப் போனபோது, அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உதடு வீங்கித் தங்கையன்.

"ஜாமீன்ல கையொப்பு போட்டுப் பயலைக் கொண்டுபோ மூப்பரே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"போடுதேன் சாரே. இவனுக்கு இருபத்தேழு பல்லுதான் இருக்கு. முன்பல்லு போயாச்சுன்னு எழுதும்."

"அது பண்டே போயிருக்கும், இப்ப போனதில்ல."

"போன ஞாயித்துக்கிழமை இருந்தது. என் மக எண்ணி எழுதியிருக்கா. பாரும்."

"தெண்டிப் பயலுக்குப் பல்லு எதுக்கு ஓய்?"

"கடிக்க."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்து, உடனே இருமினார்.

"உம்மையும் உள்ள போடட்டா?"

"தாராளமா. எனக்குப் பத்தொம்பது பல்லு. எண்ணிக்கிட்டுப் போடும்."

மூன்று மணி நேரம் அவர் எழவில்லை. கையெழுத்தும் போடவில்லை. ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் டைரியை இழுத்து ஒரு வரி எழுதினார். யோசுவா அதை இரண்டு முறை படித்துவிட்டு ஜாமீனில் கையெழுத்திட்டார். நகலும் கேட்டார்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வாரும்."

புதன்கிழமை விசாரணை. ஒப்புதல் அடித்து வாங்கியது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

"அந்தத் தாளைக் கிழிச்சிட்டாங்கன்னா?" என்றாள் சுசீலா, வீட்டுக்கு நடக்கும்போது.

"அதுக்குத்தான் மக்களே நகலு."

ஞாயிறு பகல் ஒன்றரைக்கு யோசுவாவுக்கு நெஞ்சு வலித்தது. ஒன்று ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது.

அன்று சாயங்காலம் சபை உபதேசியார் வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம் என்றார்.

"பன்னிரண்டுக்கு வையுங்க," என்றாள் சுசீலா. "பத்து மணிக்கு ஒரு ஜோலி இருக்கு."

"அப்பா கிடக்கையில உனக்கென்ன ஜோலி?"

"அப்பாவோட ஜோலிதான்."

ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது: திங்கள், பத்து மணி, நகல்.